மணிக்கணக்கில் விற்ற இணையம்

பஸ் ஸ்டாண்டை ஒட்டிய கட்டடத்தின் மாடியில், செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டிய ஓர் அறை. பிளைவுட் அடித்த ஏழெட்டு கேபின்கள், ஒவ்வொன்றிலும் தொந்தி வைத்த மானிட்டர், தலைக்கு மேலே ஓர் ஏசி. வாசலில் எஸ்டிடி, ஐஎஸ்டி, ஜெராக்ஸ், நெட் என்று ஒரே போர்டில் நான்கு தொழில். 2000-ஐ ஒட்டிய வருடங்களில் தமிழ்நாட்டின் தாலுகா ஊர்களில் இணையம் என்றால் இந்த அறைதான். பிரவுசிங் சென்டர் என்பார்கள். மணிக்கு 30 ரூபாய், சில ஊர்களில் 60. உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் இரண்டையும் நோட்டில் குறிப்பார்கள். ஐந்து நிமிடம் கூடிவிட்டால் விடுவதும் விடாததும் கல்லாவில் இருப்பவரின் மனசைப் பொறுத்தது.

வந்தவர்களில் பலர் கீபோர்டைத் தொட்டதே கிடையாது. "தம்பி, துபாய்ல இருந்து மெயில் வந்திருக்கா பாருப்பா" என்று ஒரு பெரியவர் வந்து நிற்பார். கல்லாவில் இருக்கும் பையனே திறப்பான், பிரிண்ட் எடுப்பான், கண்ணாடி கொண்டுவர மறந்திருந்தால் படித்தும் காட்டுவான். ஐடி உருவாக்கிக் கொடுத்தவனும் அவன்தான், பாஸ்வேர்டு வைத்தவனும் அவன்தான். பெயருக்குப் பின்னால் 123 போட்டால் பாஸ்வேர்டு ஆயிற்று; மறக்காமல் இருக்க அதையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருப்பான். பிளஸ் டூ ரிசல்ட் அன்று மாடிப்படி முழுக்கக் கூட்டம் நிற்கும். துண்டுச் சீட்டில் பதிவெண் எழுதி நீட்டுவார்கள். ஒரு தெருவின் தேர்ச்சியும் தோல்வியும் அந்த ஒரு பையனின் விரல் வழியாகத்தான் வெளியே வந்தன.

2011-இல் மத்திய அரசு இந்தக் கடைகளுக்கென்று விதிகள் போட்டது. கேபின் தடுப்பு நாலரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது, வருகிறவரின் அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும், பதிவேட்டை ஓராண்டு வைத்திருக்க வேண்டும். இதெல்லாம் நடைமுறைக்கு வருவதற்குள் ஸ்மார்ட்போன் வந்து கேபின்களையே காலி செய்துவிட்டது. கடை மட்டும் மூடவில்லை. இன்று அங்கே ஆதார் பிரிண்ட், பான் கார்டு, ரயில் டிக்கெட், அரசுத் தேர்வு விண்ணப்பம். வருகிறவரின் சட்டைப் பையில் இருக்கும் போன், அன்றைய அந்த அறையின் அத்தனை கம்ப்யூட்டர்களையும் சேர்த்தாலும் ஈடாகாத கருவி. ஆனாலும், 'போட்டோ 20 முதல் 50 கேபிக்குள் இருக்க வேண்டும்' என்று விண்ணப்பம் கேட்டதும் மனிதர் கடைக்கு வந்துவிடுகிறார்.

கேபி என்பது கோப்பின் எடை. ஆயிரம் கேபி ஓர் எம்பி, ஆயிரம் எம்பி ஒரு ஜிபி. போனில் எடுத்த படம் சாதாரணமாக 3, 4 எம்பி வரும். விண்ணப்பம் கேட்பது அதில் நூற்றில் ஒரு பங்கு. படத்தைச் சுருக்கி, நம் கருவியிலிருந்து அவர்கள் கம்ப்யூட்டருக்கு ஏற்றுவது அப்லோடு. அங்கிருந்து இங்கே இறக்குவது டவுன்லோடு. விஷயம் இவ்வளவுதான். இருபது வருடமாக நெட்டில் புழங்கியவருக்கே இது தடுமாறுகிறதென்றால், இணையம் எளிதாகி எளிதாகி அதன் உறுப்புகள் கண்ணை விட்டு மறைந்துவிட்டன என்று அர்த்தம். அன்று ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு வயர், ஒரு சத்தம், ஒரு பில் இருந்தது. அதனால்தான், இன்று முதல்முறையாக போனைக் கையில் எடுக்கும் ஒருவருக்கு அன்றைய ஏற்பாட்டைச் சொன்னால் சீக்கிரம் பிடிபடுகிறது.

சத்தத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் என்ற அரசு நிறுவனம் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. அன்றைய மெட்ராஸும் முதல் வரிசை ஊர்களில் ஒன்று. அதற்கு முன் ஐஐடி போன்ற இடங்களில் எர்னெட் என்ற கல்வி வலையமைப்பு மட்டும்தான். புதுக் கணக்கில் இரண்டு வகை. எழுத்து மட்டும் தெரியும் மலிவுக் கணக்கு ஒன்று, படமும் தெரியும் விலை கூடிய கணக்கு ஒன்று. இரண்டுமே டெலிபோன் லைன் வழியாகத்தான். அந்த லைன் மனிதக் குரலுக்காகப் போட்டது. கம்ப்யூட்டரின் ஒன்று, பூஜ்யங்கள் அதில் அப்படியே போகாது. அவற்றை ஒலியாக்கி அனுப்பி, எதிர்முனையிலிருந்து வரும் ஒலியைத் திரும்ப ஒன்று, பூஜ்யமாக்கும் பெட்டிதான் மோடம். டயல் செய்ததும் அது கீச்சிட்டு, கரகரத்து, மூச்சு வாங்கி அடங்கும். எந்த வேகத்தில் பேசிக்கொள்வது என்று இரண்டு மோடம்களும் முடிவு செய்த நேரம் அது. அந்த ஓசையைக் கேட்டே 'இன்னைக்கு கனெக்ட் ஆகாது' என்று சொல்லிவிடும் நிபுணர்கள் இருந்தார்கள்.

வேகம் என்று பார்த்தால், ஆரம்பத்தில் நொடிக்கு 9.6 கிலோபிட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். வேகத்தைப் பிட்டிலும் எடையைப் பைட்டிலும் சொல்வது இந்தத் தொழிலின் பழைய வழக்கம். இன்றைய பிராட்பேண்ட் விளம்பரங்களில் வரும் 100 எம்பிபிஎஸ்ஸும் பிட் கணக்குதான், எட்டால் வகுத்துக்கொள்ளுங்கள். இன்று நாம் யோசிக்காமல் அனுப்பும் 4 எம்பி போட்டோ ஒன்று அந்த 9.6 கிலோபிட் லைனில் போய்ச் சேர கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். பின்னால் வந்த 56 கிலோபிட் மோடத்தில், ஏட்டுக் கணக்கில், பத்து நிமிடம். உண்மையில் இருபது. அதற்குள் வீட்டில் யாராவது பக்கத்து ரூமில் ரிசீவரை எடுத்தால் லைன் அறுந்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும். நெட்டில் இருக்கும்வரை வீட்டு போனுக்கு வெளியிலிருந்து யார் அழைத்தாலும் எங்கேஜ்டு. மாசக் கடைசியில் நெட்டுக்கு ஒரு செலவு, அதைத் தொட டயல் செய்ததற்கு டெலிபோன் பில்லில் இன்னொரு செலவு.

1998-இல் தனியாருக்கும் அனுமதி கிடைத்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே (பிற்பாடு சிஃபி) முதலில் இறங்கியது. இப்படி நம்மை இணையத்தோடு இணைத்துவிடுபவரை இணையச் சேவை நிறுவனம் என்பார்கள். இன்று சிம் கம்பெனியும் ஃபைபர்காரரும் செய்வது அதே வேலை. 2016 செப்டம்பரில் ஜியோ வருவதற்கு முன்புவரை மாதம் ஒரு ஜிபி டேட்டாவுக்கு ஏறக்குறைய 250 ரூபாய் கொடுத்து, அதையும் எண்ணி எண்ணிச் செலவழித்தோம். அதன் பிறகு ஒரு நாளைக்கே ஒன்றரை ஜிபி என்றானது. நேரத்தை அளந்து விற்ற சரக்கு, எடையை அளந்து விற்பதாக மாறி, இன்று அளப்பதே பலருக்கு மறந்துவிட்டது.

வயர் கண்ணை விட்டு மறைந்ததால் வந்த ஒரு குழப்பத்தைச் சொல்ல வேண்டும். 'வைஃபை ஃபுல்லா காட்டுது, ஆனா நெட் வரல' என்று வாரம் ஒருவராவது புலம்புகிறார். வைஃபை என்பது நம் போனுக்கும் வீட்டு மூலையில் இருக்கும் ரவுட்டர் பெட்டிக்கும் நடுவிலுள்ள வயர் இல்லாத வயர், அவ்வளவுதான். ரவுட்டருக்கு வெளியிலிருந்து வரும் ஃபைபர் தெருவில் அறுந்து கிடந்தால், மேலே கோடுகள் நான்கும் ஒளிரும், நெட் வராது. அந்தப் பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். மோடம் காலத்தில் இந்தச் சந்தேகமே வந்ததில்லை. கனெக்ட் ஆகவில்லையென்றால் அது கத்தியே சொல்லிவிடும்.

தமிழின் கதை தனி. இன்று பிறந்தநாள் வாழ்த்தைத் தமிழில் பேசினால் போன் தானே எழுதிக்கொள்கிறது. அன்று தமிழைத் திரையில் பார்ப்பதே ஒரு சாமர்த்தியம். பத்திரிகைக்கு ஒரு எழுத்துரு, இணையதளத்துக்கு ஒரு எழுத்துரு. இந்த இதழைப் படிக்க இந்த ஃபாண்டை இறக்குங்கள் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். இறக்காமல் திறந்தால் தலைப்புச் செய்தி முழுக்கக் கேள்விக்குறியும் பிரெஞ்சு எழுத்துமாக நெளியும். காரணம் எளிது. ஆங்கில எழுத்துக்கும் குறிகளுக்கும் ஒதுக்கிய எண்களின் மேலேயே அந்த ஃபாண்டுகள் தமிழ் எழுத்தின் உருவத்தை வரைந்து ஒட்டியிருந்தன. ஃபாண்டு இல்லையென்றால் ஒட்டு உதிர்ந்து அடியில் இருப்பது தெரியும்.

இதைச் சரிசெய்ய அரசாங்கத்துக்கு முன்பே ஓடியவர்கள் கடல் கடந்து வாழ்ந்த தமிழர்கள். மலேசியாவின் முத்து நெடுமாறன் செய்த முரசு அஞ்சல், பல நாட்டுத் தமிழ் ஆர்வலர்கள் கூடிப் பேசி வகுத்த டிஸ்கி என்ற பொதுக் குறிமுறை, சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் எல்லாம் அந்த ஓட்டத்தில் விளைந்தவை. சங்க நூல்களைத் தன்னார்வலர்கள் வரி வரியாகத் தட்டச்சு செய்து மதுரைத் திட்டத்தில் இலவசமாக வைத்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டின் பலனாகத் தமிழ்99 விசைப்பலகை வந்தது. ஆனால் சிக்கலை வேரோடு அறுத்தது யூனிகோடு. உலகின் ஒவ்வொரு எழுத்துக்கும் வேறெதுவும் உட்கார முடியாத தனி எண் அதில் உண்டு. 'அ'வுக்கு 2949. எந்த நாட்டில், எந்தக் கருவியில் திறந்தாலும் 2949 என்றால் 'அ'தான். 2010-இல் தமிழ்நாடு அரசும் இதை ஏற்றது. ஃபாண்டு சண்டையில் பத்துப் பன்னிரண்டு வருடத்தை வீணாக்கிய மொழி நம்முடையது என்று எனக்கு இன்றும் ஓர் ஆதங்கம் உண்டு. அன்று தனித்தனிக் குறிமுறையில் ஏற்றிய எத்தனையோ கட்டுரைகள் இன்று யாரும் படிக்க முடியாத கிறுக்கல்களாகக் கிடக்கின்றன. இத்தனை பாடுபட்டு வாங்கிக் கொடுத்த வசதி கையில் இருக்கும்போதே, நம் பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் 'சாப்டியா' என்று கேட்டுக்கொண்டிருப்பது வேறு விஷயம்.

அடுத்தது முகவரி. பிரவுசிங் சென்டருக்குப் போகிறவர் துண்டுக் காகிதத்தில் மூன்று டபிள்யூ போட்டு ஒரு முகவரி எழுதிக்கொண்டு போவார். நெட்ஸ்கேப்பிலோ நீல நிற 'இ' படம் போட்ட எக்ஸ்ப்ளோரரிலோ அதை எழுத்துப் பிசகாமல் அடிக்க வேண்டும். இந்த மென்பொருள்தான் பிரவுசர். இன்று பெரும்பாலும் குரோம். நாம் அடித்த முகவரியை அது வலையில் விசாரித்து, அந்தப் பெயருக்குரிய எண்ணைக் கண்டுபிடித்து, அந்த எண்ணில் இருபத்து நாலு மணி நேரமும் விழித்திருக்கும் ஒரு கம்ப்யூட்டரிடம் பக்கத்தைக் கேட்டு வாங்கி வருகிறது. அந்த விழித்திருக்கும் கம்ப்யூட்டர்தான் சர்வர். இந்தப் பக்கங்களையும் அவற்றை ஒன்றோடொன்று தொடுக்கும் இணைப்புகளையும் வடிவமைத்தவர் டிம் பெர்னர்ஸ்-லீ. அவர் வேலை பார்த்த செர்ன் ஆய்வகம் 1993 ஏப்ரல் 30 அன்று அதை யார் வேண்டுமானாலும் கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. அந்த அறிவிப்பு இல்லாமல் இருந்திருந்தால் பக்கத்துக்கு ஒரு ராயல்டி கட்டிக்கொண்டிருப்போமோ என்னவோ.

இன்று முகவரியை யாரும் அடிப்பதில்லை. ஆப்பைத் தொடுகிறோம், அல்லது வந்த லிங்கைத் தொடுகிறோம். அடிக்கிற பழக்கம் போனதோடு படிக்கிற பழக்கமும் போயிற்று. மோசடிக்காரர்கள் பிழைப்பது இதில்தான். முகவரியைப் படிக்க ஒரே ஒரு உத்தி போதும். ஆரம்பத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதன் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோடு வரை உள்ள பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை வலமிருந்து இடமாகப் படியுங்கள். உங்கள் வங்கியின் பெயர், டாட், கேஒய்சி-அப்டேட், டாட், எக்ஸ்ஒய்இசட் என்று ஒரு லிங்க் வந்தால், வலது ஓரத்திலுள்ள எக்ஸ்ஒய்இசட்டும் அதை ஒட்டிய கேஒய்சி-அப்டேட்டும்தான் அந்தத் தளத்தின் சொந்தக்காரரைக் காட்டுகின்றன. இடப்பக்கம் யார் வேண்டுமானாலும் எந்த வங்கியின் பெயரையும் போட்டுக்கொள்ளலாம், காசு கொடுக்க வேண்டியதில்லை. இதனால்தான் ரிசர்வ் வங்கி, இந்திய வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் தங்கள் தளங்களை டாட் பேங்க் டாட் இன் என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த வால் வங்கிகளுக்கு மட்டுமே கிடைக்கும். முகவரிக்குப் பக்கத்தில் சில பிரவுசர்கள் காட்டும் பூட்டுப் படத்தை நம்பி ஏமாறாதீர்கள். போகும் வழியில் வேறு யாரும் படிக்க முடியாது என்று மட்டும்தான் அது சொல்கிறது. போய்ச் சேரும் இடத்தில் உட்கார்ந்திருப்பவன் யோக்கியனா என்பது பூட்டுக்குத் தெரியாது.

மின்னஞ்சல் இந்தக் கூட்டத்திலேயே மூத்தது. 1971-இல் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பியபோது, ஆளின் பெயரையும் கம்ப்யூட்டரின் பெயரையும் பிரிக்க @ குறியைப் பிடித்துப் போட்டார். ஐம்பது வருடத்துக்கு மேலாக அதை யாரும் மாற்றவில்லை. நம் ஊருக்கு அது வந்தது ஹாட்மெயில் வழியாக. பெங்களூரில் வளர்ந்த சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் 1996 ஜூலை 4 அன்று தொடங்கியது. அதற்கு முன்பு பெரும்பாலும் சேவை நிறுவனம் கொடுத்த கணக்கை நம் மெஷினில் மட்டும் திறக்கலாம். ஹாட்மெயிலை எந்த ஊர் பிரவுசிங் சென்டரிலும் திறக்கலாம், காசும் கிடையாது. சொந்தமாகக் கம்ப்யூட்டர் இல்லாதவருக்கும் உலகில் ஒரு முகவரி கிடைத்தது அப்போதுதான்.

ஹாட்மெயில் பெட்டியின் கொள்ளளவு 2 எம்பி. இன்றைய ஒரு போட்டோவைக்கூட அது தாங்காது. அண்ணன் மகளின் பெயர்சூட்டு விழாப் படம் இணைப்பாக வரப்போகிறது என்றால் பழைய கடிதங்களை அழித்து இடம் பண்ண வேண்டும். சில வாரங்கள் எட்டிப் பார்க்காவிட்டால் உள்ளே இருந்ததெல்லாம் காலி. 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் 1 ஜிபி தருகிறேன் என்றபோது பலர் அதை ஏப்ரல் ஃபூல் என்றே நினைத்தார்கள். இன்று ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கும் ஏறக்குறைய எல்லாருக்கும் ஒரு ஜிமெயில் உண்டு. கடைக்காரர் போனை விற்கும்போதே போட்டுக் கொடுத்தது. பாஸ்வேர்டு என்ன என்று கேட்டால் முழிப்பார்கள். கான்டாக்ட், போட்டோ, பேமென்ட் ஆப் எல்லாம் அந்தக் கணக்கில்தான் தொங்குகின்றன. போன் தொலைந்த அன்றுதான் அந்த பாஸ்வேர்டைத் தேடுவார்கள். இன்றைக்கே செட்டிங்ஸில் கூகுள் கணக்குக்குப் போய் அதை மாற்றி, உங்கள் கைப்பட ஒரு டைரியில் எழுதி பீரோவில் வையுங்கள். டைரியில் எழுதாதே என்று படித்தவர்கள் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைப்பதைவிட பீரோ டைரி எவ்வளவோ மேல்.

மெயிலுக்கு இன்னொரு பெருமை உண்டு. ஹாட்மெயிலிலிருந்து யாஹூவுக்கும், யாஹூவிலிருந்து ஓர் அரசு அலுவலகத்துக்கும் போகும். யாருடைய சொத்தும் இல்லாத பொது விதி அது. வாட்ஸ்அப்பிலிருந்து டெலிகிராமில் இருப்பவருக்கு அப்படிச் சட்டென்று ஒரு வரி அனுப்பிவிட முடியாது. அந்தந்தக் கம்பெனியின் சுவருக்குள்தான் பேச்சு. சுவரைக் கட்டியவர் மூடிக்கொண்டு போனால் உள்ளே இருந்தவையும் போகும். ஆர்குட் 2014-இல் போனது, யாஹூ மெசஞ்சர் 2018-இல், ஸ்கைப் 2025 மே மாதத்தில். அந்த மூன்றிலும் குடும்பம் நடத்தியவர்கள் எத்தனை பேர்! முக்கியமான காகிதத்தை வாட்ஸ்அப்பில் மட்டும் வைத்திருக்காமல் மெயிலிலும் ஒரு பிரதி போட்டு வையுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

யாஹூ மெசஞ்சர் காலத்து அரட்டைக்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருந்தால்தான் ருசி. நண்பர் வந்துவிட்டால் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முகம் ஒளிரும். முன்பின் தெரியாதவர் நுழைந்தால் முதல் கேள்வி வயது, ஆணா பெண்ணா, எந்த ஊர். பதில் வராவிட்டால் 'பஸ்' பட்டனை அழுத்துவார்கள், எதிராளியின் ஜன்னலே கிடுகிடுக்கும். வளைகுடாவில் கணவர், ஊரில் மனைவி என்றால் வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு என்று முன்பே பேசி வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குத் தலைவாரி, சென்டருக்குக் கூட்டிப் போய் வெப்கேமராவுக்கு முன்னால் உட்கார வைப்பார்கள். படம் நின்று நின்று நகரும், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். ஐஎஸ்டி பேசும் காசில் கால் பங்குகூட ஆகாது என்பதால் யாரும் குறை சொல்லவில்லை.

வாட்ஸ்அப்பில் அந்தக் காத்திருப்பு ஒழிந்தது. நாம் அனுப்பியது முதலில் கம்பெனியின் சர்வருக்குப் போகும். அது ஒரு டிக். எதிராளியின் போனுக்குப் போய்ச் சேர்ந்தால் இரண்டு. திறந்து பார்த்தால் இரண்டும் நீலம். ஒரே டிக்கிலேயே நின்றால் அவர் போன் அணைந்திருக்கலாம், நெட் இல்லாமல் இருக்கலாம், உங்களை பிளாக் செய்தும் இருக்கலாம். 2014-இல் நீல டிக் வந்தபோது எத்தனை வீட்டில் சண்டை மூண்டது என்று யாராவது கணக்கெடுத்திருந்தால் சுவாரஸ்யமாக இருந்திருக்கும். செட்டிங்ஸில் அதை அணைத்து வைக்கலாம். அணைத்தால் மற்றவர் படித்ததும் உங்களுக்குத் தெரியாது.

2016 ஏப்ரலில் வாட்ஸ்அப்பில் முனைக்கு முனை மறையாக்கம் வந்தது. முன்பு பெரும்பாலான செய்திகள் போஸ்ட் கார்டு மாதிரி, கைமாறும் இடத்தில் எவரும் படிக்கலாம். இப்போது ஒட்டிய கவர். வாட்ஸ்அப் கம்பெனியே பிரிக்க முடியாது. ஆனால் கவர் போய்ச் சேர்ந்த பிறகு படித்தவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து நாலு குரூப்பில் போட்டால் மறையாக்கம் என்ன செய்யும்? கூகுள் டிரைவில் ஏறும் பேக்கப் பிரதிக்கும் இந்தப் பாதுகாப்பை நாமாகப் போய் ஆன் செய்தால்தான் உண்டு. பேக்கப் கிளவுடில் இருக்கிறது என்கிறார்களே, அந்த கிளவுட் வானத்தில் எங்கும் இல்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் சிறுசேரிப் பக்கமோ அம்பத்தூரிலோ டேட்டா சென்டர் என்று ஒரு ஜன்னலில்லாக் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். அது போன்ற இடங்களில் வரிசையாக அடுக்கிய சர்வர்கள்தான் கிளவுட். வெளிநாட்டுச் சர்வர் என்றால், 2002-இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே போட்ட ஐ2ஐ போன்ற கடலடிக் கேபிள் வழியாகப் போய் வரும். சாட்டிலைட் வழியாகத்தான் எல்லாம் வருகிறது என்ற நம்பிக்கை இன்னும் பலரிடம் இருக்கிறது. உண்மையில் பெரும்பகுதி கடலுக்கு அடியில் கிடக்கும் கண்ணாடி இழையில்தான் வருகிறது.

கடல் என்றதும் புதுச்சேரி நினைவுக்கு வராமல் போகாது. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்து, சுற்றிலும் சில கிராமங்களில் தகவல் மையங்களைத் திறந்தது. டெலிபோன் லைனை நம்ப முடியாத ஊர்களுக்கு ரேடியோ அலை வழியாகத் தரவு போனது. கரண்டு போனால் சோலார். வீராம்பட்டினம் மீனவ ஊர். வங்கக் கடலில் அலை எவ்வளவு உயரம் எழும் என்ற முன்கணிப்பை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து இறக்கி, தமிழில் மாற்றி, ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். கடலுக்குப் போகிறவருக்கு பிரவுசரும் தெரியாது, சர்வரும் தெரியாது. வலையைத் தோளில் போட்டபடி நின்று கேட்டுவிட்டு, போவதா வேண்டாமா என்று முடிவு செய்தார். ஊரில் ஒருவர் இணையத்தைப் படித்தார், ஊரே கேட்டது.

2004 டிசம்பர் 26 அன்று அதே திட்டத்திலிருந்த நல்லவாடு கிராமத்துக்கு சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவரின் போன் வந்தது. சுனாமி பற்றிய செய்தியைக் கேட்டு அவர் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். தகவல் மையத்தைத் திறந்து, அங்கிருந்த ஒலிபெருக்கியில் எல்லாரும் வெளியேறுங்கள் என்று அறிவித்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின. ஜனங்கள் ஓடித் தப்பினார்கள்.

இன்று அலை உயரமும் மீன் கிடைக்கும் இடமும் ஹைதராபாதிலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையத்திலிருந்து நேராக மீனவரின் போனுக்கே வருகின்றன. தமிழிலேயே ஆப் இருக்கிறது. ஒலிபெருக்கிக்காரரின் குரலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இதில் நஷ்டமும் இருக்கிறது என்பது என் எண்ணம். ஒலிபெருக்கியில் ஒரு தகவல் தப்பாக வந்தால் சொன்னவர் யார் என்று ஊருக்குத் தெரியும், மறுநாள் டீக்கடையில் மடக்கிக் கேட்கலாம். ஆயிரம் பேர் வரை சேரும் வாட்ஸ்அப் குரூப்பில் 'நாளை புயல், பத்து நாள் கரண்டு வராது' என்று எங்கிருந்தோ வந்து விழுவதற்கு அப்பனும் இல்லை, ஆத்தாளும் இல்லை. பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வதந்தி ஃபார்வர்டாகப் பரவி, 2018-இல் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் ஒன்றுமறியாத மனிதர்களை அடித்தே கொன்றார்கள். அதற்குப் பிறகுதான் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. செய்திக்கு மேலே இரட்டை அம்பு தெரிந்தால் அது பல கை மாறி வந்தது என்று பொருள். அதற்கும் அனுப்பியவரின் நேர்மைக்கும் சம்பந்தமில்லை. உங்கள் சித்தப்பா நல்லவர்தான், அவருக்கு அனுப்பியவர் யார் என்பது அவருக்கே தெரியாது.

பிரவுசிங் சென்டரில் பாஸ்வேர்டு திருட்டுப் போனால் அதிகபட்சம் ஒரு ஐடி போகும். நண்பர்களுக்கு அசட்டு மெயில் நாலு போகும், புதிதாக வேறு ஐடி போட்டுக்கொள்ளலாம். இன்று அதே அலட்சியத்துக்கு சேமிப்புக் கணக்கே விலை. 2016-இல் போன் வழியே பணம் அனுப்பும் யூபிஐ வந்து போன் நம்பரும் வங்கியும் ஒன்றான பிறகு, அந்த நம்பருக்கு வரும் ஓடிபிதான் எல்லாவற்றையும் திறக்கிறது. ஓடிபி என்றால் ஒரே ஒரு முறைக்கு, சில நிமிடங்களுக்கு மட்டும் செல்லும் பாஸ்வேர்டு. போனை வைத்திருப்பவர் நீங்கள்தானா என்று சோதிக்க அனுப்புவது. 'அம்மா, பேங்க்ல இருந்து பேசுறேன், ஒரு நம்பர் வந்திருக்கும் பாருங்க' என்று யாராவது கேட்டால், அவர் அந்தச் சோதனையில் உங்கள் இடத்தில் உட்காரப் பார்க்கிறார். யூபிஐ ரகசிய எண்ணான பின்னும் இதே ஜாதி. பணம் அனுப்பத்தான் பின் வேண்டும், வாங்குவதற்கு வேண்டியதே இல்லை. பணம் உங்களுக்கு வரப்போகிறது, பின்னைப் போடுங்கள் என்றால் உங்களிடமிருந்து போகப்போகிறது என்று பொருள்.

வாட்ஸ்அப்புக்கும் ஆறு இலக்க எண் ஒன்று எஸ்எம்எஸ்ஸில் வரும். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு உங்கள் கணக்கைத் தன் போனில் திறந்து, உங்கள் பெயரில் உங்கள் சொந்தக்காரர்களிடம் கடன் கேட்பது இப்போதைய பிழைப்பு. செட்டிங்ஸில் அக்கவுன்ட் என்ற இடத்தில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு இருக்கிறது. அதில் நீங்களாக ஒரு ஆறு இலக்க பின் வைத்துவிட்டால், எஸ்எம்எஸ் எண் கைமாறினாலும் அவ்வளவு சுலபமாகத் திறக்க முடியாது. வீட்டுப் பெரியவர்களின் போனில் இதைப் பிள்ளைகள் போட்டுக் கொடுத்தால் நல்லது. அப்படியும் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் யோசிக்காதீர்கள். சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே போன் போடுங்கள். பணம் எடுத்ததாக வந்த எஸ்எம்எஸ்ஸை அழிக்காமல் வைத்திருங்கள், பரிவர்த்தனை எண்ணைக் கேட்பார்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, மோசடிக்காரனின் கணக்கிலிருந்து பணம் வெளியேறுவதற்குள் வங்கி அதை நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு.